சேணமும் கடிவாளமும் இல்லாமல்

(குருத்தோலை ஞாயிறுக்கு முந்திய வாரத்தில் வானொலியில் ஒலிபரப்பான மறையுரை. பங்கு மக்கள் பலர் கேட்டுக்கொண்டதால் இங்கே அச்சிடுகிறோம்.)



வருகிற ஞாயிறு குருத்தோலை ஞாயிறு. கடலூரிலும் சிதம்பரத்திலும் சுற்றியுள்ள கிளைப் பங்குகளிலும் தென்னங்குருத்துக்கு இப்போதே சொல்லி வைத்திருப்பீர்கள். ஓலைகளை மந்திரித்த பிறகு, பவனி புறப்படுவதற்கு முன்னால், கோவில் வாசலில் ஒரு நற்செய்திப் பகுதியை வாசிப்போம். அதில் ஒரு சின்ன விவரம் இருக்கிறது. மாற்கும் லூக்காவும் அதை மறக்காமல் எழுதுகிறார்கள். பெத்பகு பக்கம் வந்தபோது ஆண்டவர் இரண்டு சீடர்களை அனுப்பி ஒரு கழுதைக்குட்டியை அவிழ்த்து வரச் சொல்கிறார். எப்படிப்பட்ட குட்டி? அதுவரை ஒருவருமே ஏறி உட்காராத குட்டி. சீடர்கள் கொண்டுவருகிறார்கள். அதன் முதுகில் சேணம் இல்லை. தங்கள் மேலுடைகளைக் கழற்றிப் போடுகிறார்கள். அவர் ஏறி அமர்கிறார். சுற்றிலும் கூட்டம், ஆரவாரம். வழியெல்லாம் துணிகள், இலைதழைகள்.

கழுதையின் தாழ்ச்சியைப் பற்றி நாங்கள் குருக்கள் ஆண்டு தவறாமல் பிரசங்கம் செய்கிறோம். நல்லதுதான். ஆனால் அவர் ஏறியதைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. பழக்கப்படாத ஒரு குட்டியின் மேல் ஏறி, ஒலிவ மலைச் சரிவில் இறங்கி, கூச்சலிடும் ஜனத்திரளுக்கு நடுவே நகரத்துக்குள் போவது சாதாரணக் காரியமா? குதிரையோ கழுதையோ வளர்த்த யாரையாவது கேட்டுப் பாருங்கள். சிரிப்பார்கள்.

ஆகவே இன்று உங்களோடு நான் பேசப் போவது, வெறும் முதுகில் ஏறி, கடிவாளம் இல்லாமல் குதிரை ஓட்டப் பழகுவதைப் பற்றி. சாமிக்கு என்ன ஆயிற்று என்று வானொலியை அணைத்துவிடாதீர்கள். கடலூரைச் சேர்ந்த ஒரு தகப்பனார் இந்தத் தவக்காலத்தில் என்னிடம் வந்தார். அவருக்காக யோசிக்கப் போய்த்தான் இந்தக் குதிரை வந்து நின்றது. அவர் கதைக்குப் பிறகு வருகிறேன்.

அறுபதைத் தாண்டிய நேயர்களுக்கு ஜட்கா வண்டி நினைவிருக்கும். திருப்பாதிரிப்புலியூர் ரயிலடியிலும் சிதம்பரம் ரயிலடியிலும் குதிரை வண்டிகள் காத்து நிற்கும். உள்ளே புல்லைப் பரப்பி அதன் மேல் சாக்கு விரித்திருக்கும். நாலு பேர் ஏறியதும், "முன்னால வாங்க, முன்னால வாங்க, பாரம் பின்னுக்குப் போவுது" என்று வண்டிக்காரர் சத்தம் போடுவார். குதிரைக்கு வாயில் கடிவாளம். பக்கவாட்டில் எதையும் பார்த்து மிரளாதபடி கண்ணுக்கு இரு பக்கமும் தோல் மறைப்பு. வண்டிக்காரர் கையில் சாட்டை. சாட்டைக் கம்பை ஓடுகிற சக்கரத்தின் ஆரக்கால்களில் விட்டு 'கடகட'வென்று ஓசை எழுப்பினால் தெருவே ஒதுங்கும்.

மாலையில் அதே குதிரையை வண்டியிலிருந்து அவிழ்த்து, குளிப்பாட்டக் கெடிலம் ஆற்றுக்கு ஓட்டிப் போவதைச் சிறுவனாக இருந்தபோது பார்த்திருக்கிறேன். ஓட்டிப் போவது வண்டிக்காரரின் மகன். பன்னிரண்டு வயது இருந்தால் அதிகம். சேணம் கிடையாது, அங்கவடி கிடையாது, வாயில் இரும்பு கிடையாது. கழுத்தைச் சுற்றி ஒரு கயிறு, அதுவும் தொய்ந்து கிடக்கும். வெறும் முதுகில், காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு, திண்ணையில் உட்கார்ந்திருப்பவன் போல அவன் போவான். கரையிலிருந்து மணலில் இறங்கும்போது மட்டும் ஒரு கை பிடரி மயிரைப் பிடித்துக்கொள்ளும். திரும்ப வேண்டிய இடத்தில் அவன் தலையைத் திருப்புவான், குதிரை திரும்பும்.

பகலெல்லாம் இரும்பும் தோலும் சாட்டையும் தேவைப்பட்ட குதிரை, மாலையில் ஒரு பொடியனுக்கு எப்படிக் கட்டுப்பட்டது? வேலை முடிந்த சந்தோஷம் பாதி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆற்றுத் தண்ணீரும் அவித்த கொள்ளும் காத்திருக்கின்றன. நமக்கு வேண்டியது மற்றப் பாதி.

குதிரையின் வாயில் முன்பற்களுக்கும் கடைவாய்ப் பற்களுக்கும் நடுவே பல்லே இல்லாத ஓர் இடைவெளி உண்டு. அங்கேதான் மனிதன் இரும்பை வைத்தான். வாரை இழுத்தால் அந்த இரும்பு நாக்கையும் ஈறையும் அழுத்தும். பதமான கையில் அது ஒரு சைகை. முரட்டுக் கையில் அது வலி. நாளெல்லாம் இழுத்துக்கொண்டே இருந்தால் வாய் மரத்துப்போகும். அப்புறம் இன்னும் பலமாக இழுக்க வேண்டும். குதிரைக்காரர்கள் அதிகம் பயப்படுவது முரட்டுக் குதிரைக்கு அல்ல, வாய் மரத்துப்போன குதிரைக்கு. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. குதிரை வேட்டையாடும் பிராணி இல்லை, வேட்டையாடப்படும் பிராணி. முதுகில் மேலிருந்து வந்து விழுவது எதுவானாலும் அதன் இரத்தத்தில் ஊறிய பயத்துக்கு அது சிறுத்தைதான். நானூறு, ஐந்நூறு கிலோ எடையுள்ள குதிரைகூடக் காற்றில் பறந்த ஒரு காகிதத்துக்கு மிரண்டு ஓடும். அதே சமயம் அதன் தோல் அவ்வளவு நுட்பமானது. ஓர் ஈ வந்து உட்கார்ந்தால் அந்த இடத்துத் தோலை மட்டும் சிலிர்த்து விரட்டும். ஈ உட்கார்வது தெரிகிற முதுகுக்கு, மேலே உட்கார்ந்திருப்பவன் மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பது தெரியாதா? சேணம் இருந்தால் நடுவில் கொஞ்சம் தோலும் பஞ்சும் மறைக்கும். வெறும் முதுகில் மறைப்பு ஒன்றும் இல்லை.

இப்போது புதிதாக ஏறுகிறவனைப் பாருங்கள். அவனுக்குப் பயம். பயந்தவன் என்ன செய்வான்? கால்கள் இரண்டாலும் இறுக்கிக் கவ்விக்கொள்வான், முன்னால் குனிவான், மூச்சை அடக்குவான். காலால் இறுக்குவது குதிரையின் பாஷையில் 'போ' என்று அர்த்தம். அது வேகம் எடுக்கும். வேகம் எடுத்ததும் இவனுக்குப் பயம் கூடும், இன்னும் இறுக்குவான். அது இன்னும் வேகமாக ஓடும். தன்னை அறியாமலே 'ஓடு, ஓடு' என்று சொல்லிக்கொண்டு, 'நில், நில்' என்று வாயால் கத்திக்கொண்டிருப்பான். கடைசியில் கீழே விழுவான். குதிரை கீழே தள்ளியதும் அல்லாமல் குழியும் பறித்ததாம் என்று ஒரு பழமொழி வைத்திருக்கிறோம். பாதி நேரம் குழியைப் பறிப்பது மேலே இருப்பவனுடைய பயம்தான்.

எனவே கடிவாளம் இல்லாமல் ஓட்டக் கற்றுக்கொள்வது என்றால் முதலில் தன் உடம்பைக் கற்றுக்கொள்வது. பிடரிக்குச் சற்றுப் பின்னால், குதிரையின் முதுகெலும்புக்கு நேர் நடுவில், இரு பக்கமும் பாரம் சமமாக விழும்படி உட்கார வேண்டும். தொடை தளர்ந்து தொங்க வேண்டும். பயம் வந்தால் பிடரி மயிரைப் பிடித்துக்கொள்ளலாம், காலை இறுக்கக் கூடாது. போக வேண்டிய இடத்தைப் பார்க்க வேண்டும். பார்வை திரும்பினால் தோள் திரும்பும், தோள் திரும்பினால் இடுப்பு திரும்பும், அதைக் குதிரை முதுகில் உணரும். நிறுத்த வேண்டுமானால் நீளமாக மூச்சை வெளியே விட்டு, உடம்பைக் கனமாக்கி அமர வேண்டும். பழகிய குதிரை நின்றுவிடும். கேட்க எளிது. ஆனால் பயப்படும்போது மூச்சை வெளியே விடுவது எவ்வளவு கடினம் என்று மருத்துவமனை வராந்தாவில் காத்திருந்த யாருக்கும் தெரியும்.

இதை ஒரே நாளில் செய்வதில்லை. முதலில் வேலி அடைத்த சிறிய இடம். அனுபவசாலி ஒருவர் நீளக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நடுவில் நிற்பார். நடை, நடை, வாரக்கணக்கில் வெறும் நடை. அப்புறம் கடிவாளம் இருக்கும்போதே கழுத்துக் கயிற்றையும் சேர்த்துப் பிடித்து, கயிற்றின் சைகைக்குக் குதிரையைப் பழக்குவார்கள். கடிவாளத்துக்கு வேலை குறைந்துகொண்டே வரும். ஒருநாள் அதைக் கழற்றிவிடுவார்கள். அது கடைசியில் நடப்பது, முதலில் அல்ல. ஆஸ்திரியாவின் வியன்னா நகரில் நானூற்று ஐம்பது ஆண்டுப் பழமையுள்ள ஒரு குதிரையேற்றப் பள்ளி இருக்கிறது. உலகத்திலேயே பேர்பெற்ற பள்ளி. அங்கே சேரும் இளைஞர்களுக்கு ஆரம்ப காலம் முழுவதும் கையில் வாரையும் கொடுப்பதில்லை, காலுக்கு அங்கவடியும் கொடுப்பதில்லை. குதிரையைக் கயிற்றில் ஆசிரியர் வட்டமாக ஓடவிட, மேலே இவர்கள் உட்காரப் பழக வேண்டும். உட்காரவே தெரியாதவன் கையில் எதற்கு வார் என்பது அவர்கள் நியாயம்.

(இளைஞர்கள் யாராவது இதைக் கேட்டுவிட்டு, தேவனாம்பட்டினம் கடற்கரையில் போய் ஒரு குதிரை மேல் தாவி ஏறிவிடாதீர்கள். தலைக்கவசமும் கற்றுக்கொடுக்கும் ஆளும் இல்லாமல் இதில் இறங்கக் கூடாது. அப்புறம் உங்கள் அம்மா என்னிடம்தான் வருவார்.)

கடிவாளமே இல்லாமல் ஒரு சமுதாயமே குதிரை ஏறியது உண்டு. வட ஆப்பிரிக்காவில் நுமிதியா என்று ஒரு நாடு இருந்தது. அந்த நாட்டுக் குதிரைவீரர்கள் சேணம் போடுவதில்லை, வாயில் இரும்பு வைப்பதில்லை. கழுத்தில் ஒரு கயிறு, கையில் ஒரு சிறு குச்சி, அவ்வளவுதான். சின்னச் சின்னக் குதிரைகள். கடிவாளம் போட்டே பழகிய ரோமையர்கள் அவர்களைக் கண்டு அஞ்சினார்கள், பிறகு தங்கள் படையில் சேர்த்துக்கொண்டார்கள். கி.மு. 202இல் ஸாமா என்னும் இடத்தில் அன்னிபாலை ரோமையர்கள் தோற்கடித்தபோது, மசினிசா என்னும் நுமிதிய மன்னர் கொண்டுவந்த 4,000 குதிரைவீரர்கள் அதற்கு ஒரு பெரிய காரணம். உரோமைக்குத் திருயாத்திரை போகிறவர்கள் அங்குள்ள திராயான் தூணை அண்ணாந்து பாருங்கள். அண்டை நாடான மௌரித்தானியாவின் குதிரைவீரர்கள் வெறும் முதுகில், கடிவாளமின்றிப் பாய்ந்து போவதைக் கல்லில் செதுக்கியிருக்கிறார்கள். இந்த நுமிதிய மண்ணில்தான் 354ஆம் ஆண்டு புனித அகுஸ்தினார் பிறந்தார், அங்கே இப்போ நகரின் ஆயராக இருந்தார் என்பதையும் சொல்லி வைக்கிறேன். அவருடைய அம்மா மோனிக்கம்மாள் ஓடுகிற மகனை எந்த வாரும் இல்லாமல் எத்தனை ஆண்டுகள் பின்தொடர்ந்தார் என்பது உங்களுக்குத் தெரிந்த கதை.

அந்த வீரர்களைச் சாந்த சொரூபிகள் என்று நினைக்க வேண்டாம். போருக்குப் போனவர்கள் அவர்கள். கடிவாளம் இல்லாததால் மட்டும் எதுவும் புனிதமாகிவிடாது.

நம் பகுதிக்கு வருவோம். கடலூரைத் தலைநகராகக் கொண்ட பழைய தென்னாற்காடு மாவட்டத்தில் செஞ்சியும் இருந்தது. 1714இல் ஆற்காட்டு நவாபின் படையை எதிர்த்து, இருபத்திரண்டு வயதில் மடிந்த தேசிங்கு ராஜனைப் பற்றி நம் ஊர்களில் பாட்டும் கூத்தும் நிறைய. யாராலும் ஏற முடியாத தில்லி பாதுஷாவின் குதிரையை அவன் அடக்கினான் என்று கதை சொல்கிறது. 'அடக்கினான்' என்கிறோம். காளையை அடக்குகிறோம், குதிரையை அடக்குகிறோம், பிள்ளையையும் அடக்கி வளர்க்கச் சொல்கிறோம். இன்னொரு சொல்லும் நம்மிடம் இருக்கிறது: பழக்குவது. அந்தச் சொல்லை யோசித்துப் பார்த்தால் எனக்கு ஆச்சரியம். 'குதிரையைப் பழக்கினான்' என்றால் கற்றுக்கொடுத்தான். 'குதிரை ஏறப் பழகினான்' என்றால் கற்றுக்கொண்டான். 'குதிரையோடு பழகினான்' என்றால் நட்பாக இருந்தான். கற்றுக்கொடுப்பதற்கும் கற்றுக்கொள்வதற்கும் நட்புக்கும் ஒரே வேரிலிருந்து சொல்லெடுத்திருக்கிறார்கள் நம் முன்னோர். அடக்குவதற்கு ஒருவன் போதும், பழகுவதற்கு இரண்டு பேர் வேண்டும்.

குதிரை என்றால் நம் கடற்கரைக்குப் படையும்தான். சிதம்பரம் கோயிலையே கோட்டையாக்கி வைத்திருந்தது ஐதர் அலியின் படை. 1781 ஜூனில் அதைப் பிடிக்கப் போன ஆங்கிலத் தளபதி அயர் கூட் அடிபட்டுத் திரும்பினார். ஜூலை முதல் தேதி பரங்கிப்பேட்டை மணலில் பெரும் சண்டை. ஐதரின் குதிரைப்படை அந்த நாளில் தென்னாட்டையே நடுங்க வைத்த படை. அந்தப் புழுதி கிளம்பினால் நம் கிராமத்து மக்கள் சட்டி பானையோடு ஓடியிருப்பார்கள். இதை ஏன் சொல்கிறேன் என்றால், ஆண்டவர் கழுதைக்குட்டியில் வருவதை முன்கூட்டிச் சொன்ன செக்கரியா இறைவாக்கினர், அடுத்த வசனத்திலேயே போர்க் குதிரைகளை எருசலேமிலிருந்து அகற்றிவிடுவதாகச் சொல்கிறார். கழுதை வருவதும் போர்க் குதிரை வெளியேறுவதும் ஒரே செய்தியின் இரண்டு பக்கங்கள். பரங்கிப்பேட்டைக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இப்போது அந்தக் குட்டியிடம் திரும்பிப் போவோம். அதைக் கட்டிவைத்திருந்தார்கள் என்று நற்செய்தி சொல்கிறது. ஆகவே ஒரு கயிறு இருந்தது. மேலுடைகள் இருந்தன. கடிவாளத்தைப் பற்றிப் பேச்சே இல்லை. ஓவியர்கள் சில படங்களில் வரைந்திருக்கலாம். புனித பவுல் தமஸ்கு வழியில் குதிரையிலிருந்து விழுந்ததாகவும்தான் வரைகிறார்கள், திருத்தூதர் பணிகள் நூலில் குதிரையே இல்லை. போகட்டும். மத்தேயு ஓர் அருமையான விவரம் தருகிறார். குட்டியோடு அதன் தாயையும் கூட்டி வந்தார்கள். கிராமத்தில் பிராணி வளர்த்தவர்களுக்கு இது புரியும். பழகாத குட்டியைப் புதிய இடத்துக்குக் கொண்டுபோகும்போது தாய் பக்கத்தில் நடந்தால் பாதி மிரட்சி போய்விடும். குட்டியின் பயத்தை ஆண்டவர் நினைத்துப் பார்த்தார் என்றுதான் நான் அந்த இடத்தை வாசிக்கிறேன். ஓசன்னா என்ற சத்தத்துக்கு நடுவே, சில நாளில் தமக்கு என்ன நேரப் போகிறது என்று தெரிந்தும், அவருடைய கால்கள் இறுகவில்லை, மூச்சு முட்டவில்லை. இருந்திருந்தால் குட்டி காட்டிக்கொடுத்திருக்கும்.

இன்னொன்றும் இருக்கிறது. மாற்கு நற்செய்தியில், கேட்கிறவர்களிடம் என்ன சொல்ல வேண்டும் என்று சீடர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும்போதே, குட்டியைத் திருப்பி அனுப்பிவிடுவதாகவும் சொல்லச் சொல்கிறார். இரவல் வாங்கிய குட்டி அது.

கடிவாளத்தைப் பற்றித் திருவிவிலியத்தில் நேராகவே இரண்டு இடங்கள் உண்டு. 32ஆம் திருப்பாடலில் கடவுள், தம் கண்ணை நம்மேல் வைத்து வழிகாட்டுவதாக வாக்குக் கொடுக்கிறார். அதை அடுத்துத்தான், வாயில் இரும்பு மாட்டினால் ஒழிய கிட்டே வராத குதிரையாகவும் கோவேறு கழுதையாகவும் ஆகிவிட வேண்டாம் என்ற எச்சரிக்கை வருகிறது. பார்வையால் நடத்தவே அவர் விரும்புகிறார், கடிவாளம் அவருடைய விருப்பம் இல்லை. இரண்டாவது இடம் யாக்கோபின் திருமுகம், மூன்றாம் அதிகாரம். குதிரையின் வாயில் கடிவாளம் போட்டு அதன் முழு உடலையும் திருப்புகிறோம் என்று தொடங்குகிறார். நாமும் ஆமாம், ஆமாம் என்று தலையாட்டுகிறோம். அவர் உடனே நம் நாக்கைப் பிடித்துக்கொள்கிறார். அந்த அதிகாரத்தின் பெரும்பகுதி நாக்கைப் பற்றித்தான். அவர் இரும்பு மாட்டச் சொல்வது ஏறுகிறவனுடைய வாய்க்கு.

"அப்படியானால் எல்லாவற்றையும் அவிழ்த்து விட்டுவிடலாமா சாமி?" என்று கேட்பீர்கள். புனித இஞ்ஞாசியார் ஒருமுறை விட்டார். 1522ஆம் ஆண்டு மொன்செராத் மலைக்குப் போகிற வழியில், கூட வந்த ஒரு மூர் இனத்தவர் அன்னை மரியாவின் கன்னிமையைக் குறைத்துப் பேசிவிட்டு முன்னே போய்விட்டார். இஞ்ஞாசியார் அப்போதுதான் மனம் மாறியவர், போர்வீரனின் ரோஷம் இன்னும் போகவில்லை. துரத்திப் போய்க் குத்துவதா, விடுவதா என்று குழம்பி, முடிவைத் தம் கோவேறு கழுதையிடம் விட்டார். பாதை பிரியும் இடத்தில் வாரைத் தளரவிட்டார். அந்த ஆள் போன ஊர் முப்பது நாற்பது எட்டுத் தூரத்தில் இருந்தும், போகும் பாதை அகலமாக இருந்தும், கழுதை அந்தப் பக்கம் திரும்பாமல் நெடுஞ்சாலையில் போயிற்று. ஓர் உயிர் தப்பியது, நமக்கு ஒரு புனிதரும் கிடைத்தார். பிற்காலத்தில் அவர் இந்தக் கதையைத் தாமே சொல்லியிருக்கிறார். ஆனால் அவர் சபையாருக்கு எழுதி வைத்தது கழுதையைக் கேட்டு நட என்று அல்ல. மனதைத் தேர்ந்து தெளிய எத்தனையோ நுட்பமான விதிகளை எழுதி வைத்தார். வாரை நழுவ விடுவது ஒன்று, வார் இல்லாமல் நடத்தக் கற்றுக்கொள்வது வேறொன்று. "எப்படியோ போய்த் தொலை" என்று பிள்ளையிடம் சொல்கிற பெற்றோர் முதலாவதைத்தான் செய்கிறார்கள்.

இப்போது அந்தத் தகப்பனார். பெயர் வேண்டாம். இரும்புக் கடை வைத்திருக்கிறார். ஒரே மகன், பிளஸ் டூ படிக்கிறான். அரையாண்டுத் தேர்வில் மதிப்பெண் குறைந்துவிட்டது. செல்போனை வாங்கி வைத்தார். பந்து விளையாடப் போவதை நிறுத்தினார். வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டார். ஒருநாள் சொந்தக்காரர்கள் வீட்டில் இருக்கும்போது ஏதோ எதிர்த்துச் சொன்னான் என்று ஓர் அறை. அதற்கப்புறம் பையன் அவரிடம் பேசுவதில்லை.

"அடங்க மாட்டேங்கிறானா?" என்று கேட்டேன்.

"இல்ல சாமி. சொன்னதையெல்லாம் செய்யறான். உக்காருன்னா உக்காரறான். புஸ்தகத்தை எடுன்னா எடுக்கிறான். ஒரு மணி நேரம் கழிச்சுப் போய்ப் பார்த்தா அதே பக்கம் திறந்திருக்குது. அதான் எனக்குப் பயமா இருக்குது."

வாய் மரத்துப்போன குதிரையைப் பற்றி அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. பயந்தது அவர்தான், மதிப்பெண் பட்டியலைக் கண்டு. பயத்தில் காலை இறுக்கினார், அவன் விலகி ஓடினான், இன்னும் இறுக்கினார். இது கெட்ட தகப்பன் செய்கிற வேலை இல்லை. பாசமுள்ள தகப்பனுக்குத்தான் அவ்வளவு பயம் வரும்.

செல்போனை நாளைக்கே தூக்கிக் கொடுத்துவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. கடிவாளம் கடைசியில் கழற்றுவது. நான் சொன்னது இரண்டு சின்னக் காரியங்கள். பாஸ்கா வரைக்கும் சாப்பாட்டு வேளையில் மதிப்பெண்ணைப் பற்றிப் பேசாதீர்கள். அவன் அறைக்குள் போகும்முன் வாசலில் ஒரு நிமிடம் நின்று, மூச்சை வெளியே விட்டுவிட்டுப் போங்கள். அவர் கோபித்துக்கொண்டார்.

"பரீட்சை நேரம் சாமி. உங்களுக்குப் பிள்ளை குட்டி கிடையாது. சொல்லிட்டுப் போயிடுவீங்க."

நியாயமான பேச்சு. அதற்கு என்னிடம் பதில் இல்லை. கெடிலம் ஆற்றுக்குக் குதிரை ஓட்டிப்போன பையனைப் பற்றி மட்டும் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்தார்.

"அந்தப் பையனை அவங்க அப்பா அடிச்சிருக்கவே மாட்டாரா சாமி?"

"அடித்திருப்பார். ஆனால் அந்த வீட்டுக்குச் சோறு போடுவது அந்த ஒரே குதிரை. அதைத் தினமும் சாயங்காலம் அவன் கையில் கொடுத்து அனுப்பினாரே."

ஒன்றும் சொல்லாமல் எழுந்து போய்விட்டார். மூன்று வாரம் அவரைக் காணவில்லை. போன ஞாயிறு இரண்டாம் திருப்பலி முடிந்து வாசலில் நின்றார்.

"நேத்து ராத்திரி ஒரு சரக்கு விஷயமா வெளிய போக வேண்டியிருந்துச்சு சாமி. கடைச் சாவியையும் கல்லாவையும் அவன்கிட்ட குடுத்துட்டுப் போனேன். ஒரு மணி நேரம்."

"என்ன சொன்னான்?"

"ஒண்ணும் சொல்லலை. வாங்கிக்கிட்டான். திரும்பி வந்தா சாவியைக் கையில குடுத்து, 'முள்ளு ஆணி தீர்ந்துபோச்சு, சொல்லணும்'ன்னான். அவ்வளவுதான்."

"கல்லாக் கணக்கு சரியாக இருந்ததா?"

"எண்ணிப் பாக்கலை சாமி," என்றார்.